பெயரில்லாத டயல்: கைக்கடிகாரங்களை மாற்றியமைக்கவும் படமெடுக்கவும் தொடங்குவோருக்கு

விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றின் வடிவத்தில் மனத்தைப் பறிகொடுத்து, அதை வாங்கும் வசதியில்லாமல், அதே தோற்றத்தில் குறைந்த விலைக்கு வருவதைத் தேடுபவர்களே இந்தப் பொழுதுபோக்குக்குள் பெரும்பாலும் நுழைகிறார்கள். அவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. டயலில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் பொறித்து வரும் போலியை வாங்குவது ஒன்று. அந்த வடிவ மரபைப் பின்பற்றினாலும் பிறர் பெயரைத் தாங்காத கடிகாரத்தை வாங்கி, அதன் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றித் தனக்குப் பிடித்தபடி அமைத்துக்கொள்வது மற்றொன்று. இக்கட்டுரை இரண்டாவது வழியில் செல்ல விரும்புவோருக்காக எழுதப்படுகிறது.

முதல் வழியை விலக்குவதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. ஆனாலும் சட்டத்திலிருந்தே தொடங்குவோம். பதிவு பெற்ற வணிகச் சின்னத்தை உரிமையாளரின் அனுமதியின்றிப் பொறித்து விற்பது உலகின் பெரும்பாலான நாடுகளில் குற்றம். சுங்கத் துறையினர் அத்தகைய பொருளைப் பறிமுதல் செய்யலாம். பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளில் வாங்கியவர் மீதும் நடவடிக்கை பாயும். பயன்பாட்டு நோக்கில் பார்த்தாலும் போலி ஏமாற்றத்தையே தரும். அதன் உள்ளே என்ன இயந்திரம் இருக்கிறது என்பதை விற்பவரின் சொல்லை நம்பித்தான் அறிய முடியும்; பழுதானால் உதிரிபாகம் கிடைக்காது; டயலில் அச்சிட்டிருக்கும் நீர்த்தாங்கும் ஆழம் வெறும் எழுத்துதான். இவற்றையெல்லாம் விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வேறொருவர் பெயரைச் சுமக்கும் பொருளில் நாம் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தாலும், அந்த வேலையை நம்முடையது என்று நிமிர்ந்து சொல்ல முடியாது.

வடிவம் வேறு, பெயர் வேறு என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது இங்கே முக்கியம். சுழலும் பெசலும் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்) இருட்டில் ஒளிரும் பெரிய குறிகளும் கொண்ட நீர்மூழ்கிக் கடிகாரத்தை 1953இல் பிளாங்பெய்ன், ரோலக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் உருவாக்கின. அதன் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் அந்த அமைப்பைத் தம் பெயரிலேயே செய்துவந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப் படைக்கான 55 மி.மீ. அகலக் கடிகாரங்களை லாங்கே, ஐ.டபிள்யூ.சி., வெம்பே, லாக்கோ, ஸ்டோவா என்ற ஐந்து நிறுவனங்கள் ஒரே வரைமுறைப்படி செய்தன. இப்படிப் பலருக்கும் பொதுவாகிவிட்ட வடிவங்கள் புதியவர் கைவைக்க ஏற்றவை. ஒரே நிறுவனத்தோடு அடையாளப்பட்ட, வடிவமே பதிவு செய்யப்பட்டிருக்கக்கூடிய மாதிரிகளை அச்சு அசலாக எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது.

அசல் கடிகாரத்தையே வாங்கி அதை மாற்றினால் என்ன என்ற கேள்வியும் எழும். 2024 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு கோட்டைப் போட்டது: உரிமையாளரே தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தம் கடிகாரத்தை மாற்றித் தரக் கேட்டால் அது அனுமதிக்கத்தக்கது, ஆனால் மாற்றியமைத்த கடிகாரத்தை அசல் சின்னத்தோடு, சின்ன உரிமையாளரின் அனுமதியின்றிச் சந்தையில் விற்பது உரிமை மீறல். இந்தத் தீர்ப்பு அந்த நாட்டுக்கு மட்டுமே உரியது என்றாலும், தனக்காகச் செய்வதற்கும் விற்பதற்காகச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த நாட்டிலிருப்பவரும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது

இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலானோருக்கு முதல் பாடசாலையாக அமைந்தது சீகோ நிறுவனத்தின் எஸ்.கே.எக்ஸ். 007 என்ற நீர்மூழ்கிக் கடிகாரம். 1996இல் வந்த அது, விலையில் எளியதாகவும் உறுதியானதாகவும் இருந்ததோடு, ஏராளமானோர் கையில் இருந்ததால், அதற்குப் பொருந்தும் டயல், முள், பெசல், கண்ணாடி ஆகியவற்றைச் செய்து விற்கும் தனிச் சந்தையே உருவாகிவிட்டது. அதன் உற்பத்தி நின்று, 2019இல் சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசை புதிய வடிவில் வந்த பிறகும் அந்தச் சந்தை தளரவில்லை. இன்று முழுக் கடிகாரத்தையும் உதிரிபாகங்களாகவே வாங்கிக் கட்டிவிட முடியும்.

அப்படிக் கட்டப்படும் கடிகாரங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது சீகோ குழுமம் பிற நிறுவனங்களுக்கு விற்கும் என்.எச். 35 என்ற தானியங்கி மூவ்மெண்ட், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் உள் இயந்திரம். உராய்வைக் குறைக்கும் 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்பு, முழுதாகச் சாவி கொடுத்தால் சுமார் 41 மணி நேர ஓட்டம். கையாலும் சாவி கொடுக்கலாம். கிரவுனை, அதாவது பக்கவாட்டில் உள்ள சாவிக் குமிழை, முழுதாக இழுத்தால் வினாடி முள் நின்றுவிடும். பின்னால் படமெடுக்கும்போது இந்த இரண்டாவது வசதியின் அருமை தெரியும். கிழமையும் வேண்டுமென்றால் என்.எச். 36, தேதியே வேண்டாமென்றால் என்.எச். 38. பழைய எஸ்.கே.எக்ஸ்.இல் இருந்த 7எஸ்26இல் கையால் சாவி கொடுக்கவும் முடியாது, முள்ளை நிறுத்தவும் முடியாது என்பதால், அதைக் கழற்றிவிட்டு என்.எச். வரிசையைப் பொருத்துபவர்கள் பலர். சுவிட்சர்லாந்தின் ஈ.டி.ஏ. 2824-2 மூவ்மெண்ட் மணிக்கு 28,800 முறை துடிப்பதால் வினாடி முள் இன்னும் வழுக்கிக்கொண்டு நகரும், தடிப்பும் 4.6 மி.மீ.தான், என்.எச். 35 போல 5.3 மி.மீ. அல்ல. ஆயினும் பழகும் கைக்கு என்.எச். 35ஐத்தான் நான் பரிந்துரைப்பேன். கெட்டுப்போனால் பழுது பார்ப்பதைவிட முழு மூவ்மெண்டையே மாற்றிவிடும் அளவுக்கு அது மலிவு. அந்த எண்ணமே கைநடுக்கத்தைப் பாதி குறைத்துவிடும்.

பழைய சந்தையில் கிடைக்கும், பல பதிற்றாண்டுகளுக்கு முந்தைய ஒளிரும் டயல்களைத் திறந்து பழகலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். 1960கள் வரை செய்யப்பட்ட பல டயல்களில் ரேடியம் பூசப்பட்டிருக்கும். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் கதிரியக்கம் நிற்பதில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். உதிர்ந்த அந்தப் பூச்சுத் தூள் மூச்சு வழியாக உள்ளே போவதுதான் ஆபத்து.

பாகங்கள் பொருந்துமா

புதியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அழகாக இருக்கிறது என்று தனித்தனியாக வாங்கிக் குவித்த பாகங்கள் ஒன்றோடொன்று சேராது. எனவே முதலில் மூவ்மெண்டை முடிவு செய்து, அதற்கேற்ற கேஸை (வெளிக்கூட்டை) தேர்ந்து, அந்த இரண்டுக்கும் பொருந்துவதை மட்டும் வாங்க வேண்டும்.

முட்களின் துளைகள் மூவ்மெண்டின் தண்டுகளுக்குச் சரியாக அமைய வேண்டும். என்.எச். 35க்கு மணி முள் துளை 1.50 மி.மீ., நிமிட முள் 0.90 மி.மீ., வினாடி முள் 0.20 மி.மீ. ஈ.டி.ஏ. 2824க்கு முதல் இரண்டும் அதே அளவுதான். வினாடி முள்ளுக்கு மட்டும் 0.25 மி.மீ. அந்த நூலிழை வித்தியாசத்தால் ஈ.டி.ஏ.வுக்கான வினாடி முள் சீகோ தண்டில் நிற்காமல் கழன்று விழும். டயலின் விட்டம் பொதுவாக 28.5 மி.மீ. அதன் பின்புறத்தில் கால்கள் எனப்படும் சிறு கம்பிகள் இருக்கும். அவை மூவ்மெண்டின் ஓட்டைகளில் இறங்கி டயலை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். கிரவுன் 3 மணிப் பக்கம் உள்ள கேஸுக்கும், எஸ்.கே.எக்ஸ். போல 4 மணிப் பக்கம் உள்ள கேஸுக்கும் இந்தக் கால்களின் இடம் மாறும். நான்கு கால்களோடு வரும் டயலில் தேவையில்லாத இரண்டை அடியோடு நறுக்கிவிட வேண்டும். எந்த இரண்டு என்பதை மூவ்மெண்டின் மேல் வைத்துப் பார்த்த பிறகே நறுக்க வேண்டும்.

கண்ணாடிக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம். காற்றில் மிதக்கும் தூசியில் உள்ள மணல் துகளின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கனிமக் கண்ணாடி அதைவிட மென்மையானது என்பதால் நாளடைவில் கீறல் விழுகிறது. 9 அளவுள்ள சஃபையர் கண்ணாடியை வைரம் போன்ற சிலவற்றைத் தவிர வேறு எதுவும் எளிதில் கீறாது. உட்புறத்தில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் டயலும் தெளிவாகத் தெரியும், படமும் நன்றாக வரும்.

டயலைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்தே இல்லாததை வாங்குங்கள். அல்லது பாகத்தைச் செய்தவரின் சொந்தக் குறி உள்ளதை வாங்குங்கள். வெறுமையாக இருக்கும் டயல் முதல் பார்வைக்கு ஏதோ குறைவதுபோல் தோன்றினாலும், சில நாள் கட்டிப் பார்த்தால் அந்த அமைதி பிடித்துப்போகும்.

மேசையில் இருக்க வேண்டியவை

திருப்புளிகள், நுனி மெலிந்த சாமணம், கண்ணில் பொருத்தும் பெருக்குக் கண்ணாடி, மூவ்மெண்டைப் பிடித்து நிறுத்தும் தாங்கி, முள்ளைக் கழற்றும் நெம்புகோல் இணை, முள்ளை அழுத்திப் பொருத்தும் கருவி, பின்மூடியைத் திறக்கும் மூன்று பல் சாவி, பட்டையைக் கேஸோடு பிணைக்கும் ஸ்பிரிங் பாரைக் கழற்றும் கருவி, தூசியை விரட்டும் ரப்பர் ஊதி, விரல் உறைகள், தூசியை ஒற்றி எடுக்கும் ரோடிக்கோ என்ற பசைக்களிமண், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்குச் சிலிகோன் கிரீஸ். கண்ணாடியையும் மாற்றுவதாக இருந்தால் அதற்கான அழுத்தியும் வேண்டும். சாமணத்திலும் திருப்புளியிலும் மட்டும் மலிவைப் பார்க்க வேண்டாம். நுனி வளைந்த சாமணம் வினாடி முள்ளைக் கவ்வாது, தட்டிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெளிர் நிறத் துணியோ தாளோ விரித்த மேசையில், விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வைத்து வேலை செய்தால், தெறித்த பாகத்தைத் தேடித் தரையில் தவழ வேண்டியிருக்காது.

பிரிப்பதும் சேர்ப்பதும்

முதல் கடிகாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்ற முனையாமல், பட்டையில் தொடங்கி, பெசல் தகட்டுக்குப் போய், பிறகு டயலுக்கும் முட்களுக்கும் வருவது நல்ல வரிசை. பட்டையை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. கடிகாரத்தின் முகமே மாறிவிடும். பெசல் தகடு பெரும்பாலும் இருபக்கப் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். மெல்ல நெம்பி எடுத்து, புதியதன் 12 மணிக் குறியை டயலின் 12 மணிக் குறிக்கு நேராக நிறுத்தி அழுத்த வேண்டும்.

டயலை மாற்ற, கேஸின் பக்கங்களில் ஒட்டு நாடாவைச் சுற்றிக்கொண்டு பின்மூடியைத் திறக்க வேண்டும். சாவியின் பல் ஒருமுறை வழுக்கினால் விழும் கீறல் அழியாது. அடுத்தது ஸ்டெம், அதாவது கிரவுனை மூவ்மெண்டோடு இணைக்கும் தண்டு. அதை விடுவிக்கும் சிறு பள்ளத்தை, அந்த மூவ்மெண்டின் தொழில்நுட்பக் கையேடு சொல்லும் நிலையில் கிரவுனை வைத்து, மெல்ல அழுத்தியபடி இழுத்தால் தானாக வெளியே வரும். பலமாகக் குத்தினால் உள்ளே இருக்கும் நெம்பு இடம் நழுவி, ஸ்டெம் மறுபடி மாட்டாமலே போய்விடும். மூவ்மெண்டைத் தாங்கியில் வைத்த பிறகு, டயலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, நெம்புகோல்களை இருபுறமும் சமமாக இறக்கி முட்களை எடுக்க வேண்டும். புதிய டயலை அதன் கால்கள் இறங்கும்படி பொருத்தியதும், தற்காலிகமாக ஸ்டெமை மாட்டி, தேதி நள்ளிரவில் மாறுவதற்கான இடத்துக்கு மூவ்மெண்டைக் கொண்டுவர வேண்டும். கிரவுனைத் திருப்பிக்கொண்டே போய், தேதி மாறும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். அதுவே 12 மணி. மணி முள்ளையும் நிமிட முள்ளையும் அங்கே 12ஐ நோக்கிப் பொருத்தினால், தேதி சரியான நேரத்துக்கு மாறும்.

முதலில் மணி முள், அதன்மேல் நிமிட முள். இரண்டும் ஒன்றோடொன்று தட்டாமல், டயலுக்கு இணையாக இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்து, கிரவுனைத் திருப்பி முழுச் சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மணிக்குறிகள் புடைத்து நிற்கும் டயலாக இருந்தால் மணி முள் அவற்றில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வினாடி முள்தான் பொறுமையைச் சோதிக்கும். அதன் நடுவில் உள்ள குழாயின் உட்துளை 0.20 மி.மீ. மட்டுமே, அது இறங்க வேண்டிய தண்டு வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும். ரோடிக்கோ நுனியில் முள்ளை ஒட்டி எடுத்து, குழாயைத் தண்டின்மேல் தளர்வாக அமர்த்தி, பெருக்குக் கண்ணாடியால் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, நேராக நிற்கிறது என்று உறுதியான பிறகே அழுத்தியை இறக்க வேண்டும். அழுத்தும்போது லேசான ஒரு இறக்கம் விரலுக்குத் தெரியும். தெரியாமல் எதிர்ப்பு வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் தண்டு வளையும், குழாய் நசுங்கும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள் முட்களை டஜன் கணக்கில் வாங்க நேரிடும். ஆகவே மலிவான முட்களும் உதவாத பழைய மூவ்மெண்டும் வைத்துக்கொண்டு, கை பழகும் வரை மாட்டி மாட்டிக் கழற்றுவது வீணான வேலை அல்ல.

கேஸில் இறக்குவதற்கு முன் டயலையும் கண்ணாடியின் உட்புறத்தையும் சாய்ந்த ஒளியில் பார்த்து, ஊதியால் ஊதி, எஞ்சியதை ரோடிக்கோவால் ஒற்றி எடுக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும். புதிய கிரவுனோடு வரும் ஸ்டெம் நீளமாகவே இருக்கும். கேஸுக்கும் கிரவுனுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, பிறகு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு. நீளமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். குட்டையானால் புதியதுதான் வாங்க வேண்டும்.

ஓட்டத்தைச் சரிபார்த்தல்

டைம்கிராஃபர் என்ற கருவி கடிகாரத்தின் துடிப்பொலியைக் கேட்டு, நாளுக்கு எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, இருபுறமும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு வீச்சில் ஆடுகிறது, இரு பக்கத் துடிப்பும் சமமாக இருக்கிறதா என்ற மூன்றையும் காட்டும். என்.எச். 35க்கு அதில் லிஃப்ட் கோணத்தை (ஒவ்வொரு துடிப்பிலும் பேலன்ஸ் சக்கரம் உந்தப்படும் கோணம்) 53 பாகை என்று அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீச்சுக் கணக்கு பொய்யாகும். தொழிற்சாலை அனுமதிக்கும் எல்லை நாளுக்கு 20 வினாடி பிந்துவதிலிருந்து 40 வினாடி முந்துவது வரை. சீராக்கும் நெம்பை மயிரிழை அளவு நகர்த்தி இதை வெகுவாகக் குறைக்கலாம். பேலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங்கில் மட்டும் கருவி படக் கூடாது. கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் முந்த ஆரம்பித்தால், காந்தம் ஏறி ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காந்தநீக்கி கொண்டு சில வினாடிகளில் சரிசெய்துவிடலாம்.

நீர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஒருமுறை திறந்த கடிகாரம், அழுத்தச் சோதனையில் தேறும் வரை தண்ணீர் தாங்காத கடிகாரம்தான். கேஸில் 200 மீட்டர் என்று பொறித்திருந்தாலும் இது பொருந்தும். வளையத்துக்குக் கிரீஸ் தடவி, திருகும்போது அது மடிந்துவிடாமல் பின்மூடியை மூடி, சோதனைக் கருவி உள்ளவரிடம் காட்டுங்கள்.

படமெடுத்தல்

கடிகாரத்தைப் படமெடுப்பது என்பது பெரும்பகுதி ஒளியின் பிரதிபலிப்பை ஆளும் வேலை. மெருகேற்றிய எஃகும் வளைந்த கண்ணாடியும் எதிரில் இருக்கும் எல்லாவற்றையும், கேமராவையும் எடுப்பவரின் முகத்தையும் சேர்த்து, காட்டிவிடும். எனவே விளக்கை எங்கே வைப்பது என்று யோசிப்பதைவிட, கடிகாரத்தின் கண்ணாடி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று யோசிப்பதே பயன் தரும். வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் ஒளி மறுபக்கம் திரும்பும் என்பதால், கேமரா இருக்கும் இடத்துக்கு எதிர்க்கோணத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினால், கண்ணாடி அந்தக் கறுப்பை மட்டும் பிரதிபலித்து, இல்லாததுபோல் ஆகிவிடும். டயல் அப்படியே மேலே எழுந்து வரும்.

ஒளி மென்மையாக இருக்க வேண்டும். சன்னலோர வெளிச்சத்தை மெல்லிய வெள்ளைத் தாளால் மறைத்தாலே போதும். விளக்கு என்றால் அதற்கும் கடிகாரத்துக்கும் நடுவில் டிரேசிங் தாள். ஆனால் நாற்புறமும் வெள்ளையால் சூழ்ந்துவிட்டால் எஃகு தட்டையாக, உயிரற்றுத் தெரியும். கேஸின் விளிம்பைக் காட்ட ஒரு பக்கத்தில் கறுப்பு அட்டைப் பட்டை ஒன்றை வையுங்கள். மெருகேற்றிய சரிவில் ஒரு கரிய கோடு ஓடும், அந்தக் கோடுதான் வடிவத்தைக் காட்டுவது. லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் கண்ணாடியால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. சாய்வாகப் பார்க்கும்போது கண்ணாடியின் பளபளப்பை அது குறைக்கும். நேர் எதிரே பார்க்கும்போது பயன் சொற்பம். உலோகத்தின் பிரதிபலிப்பில் அதற்கு வேலையே இல்லை.

முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைப்பது விளம்பரங்களில் ஊன்றிப்போன வழக்கம். அந்த நிலையில் முட்கள் டயலின் மேற்பகுதி எழுத்தையும் 3 மணிப் பக்கத் தேதியையும் மறைப்பதில்லை. கிரவுனை இழுத்து வினாடி முள்ளை 35ஆம் வினாடி அருகில் நிறுத்திவிட்டால், நீண்ட நேரம் திறந்திருக்கும் ஷட்டரிலும் அது மங்கலாகாது. இழுத்த கிரவுன் படத்தில் தெரியும் என்பதை நினைவில் கொண்டு, சட்டகத்தை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

கைபேசியில் எடுப்பவர்கள் அகலக் கோண லென்ஸோடு நெருங்கிப் போகக் கூடாது. நடுப்பகுதி உப்பி, பட்டை மாட்டும் கொம்புகள் சிறுத்துவிடும். இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸைத் தேர்ந்து பின்வாங்கி எடுங்கள். கேமராவில் எடுப்பவர்களுக்கு 60 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ், முக்காலி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 முதல் எஃப் 11 வரையிலான துளை, இரண்டு வினாடி டைமர் ஆகியவை போதும். அதைவிடத் துளையைச் சுருக்கினால் ஒளி வளைவால் கூர்மை குறையும். முள் முதல் டயலின் நுண் எழுத்து வரை கூர்மையாக வேண்டுமானால், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

எடுக்கும் முன் துடைப்பதைப் பாதி வேலையாகக் கருதுங்கள். கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று மேக்ரோ லென்ஸில் கயிறாகத் தெரியும். நுண்ணிழைத் துணியால் துடைத்து, ஊதியால் ஊதி, பிறகு விரல் உறையோடு மட்டும் தொட வேண்டும்.

ஒளிரும் பூச்சைப் படமெடுக்க, புற ஊதா டார்ச்சை டயல் மேல் சீராக ஓட்டி ஒளியேற்றி, இருட்டறையில் முக்காலியில் வைத்துச் சில வினாடிகள் திறந்து எடுக்க வேண்டும். இன்றைய பூச்சுகள் கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டால் ஆனவை. அவற்றின் வெளிச்சம் முதல் சில நிமிடங்களில் வேகமாகச் சரியும். ஆகவே குவியத்தை வெளிச்சத்திலேயே சரிசெய்து பூட்டிவிட்டு, பிறகு விளக்கை அணையுங்கள்.

படத்தைப் பிறருக்குக் காட்டும்போது எந்த மூவ்மெண்ட், எந்த கேஸ், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதைப் படத்தோடு எழுதிவிடுங்கள். கழற்றிய அசல் டயலையும் முட்களையும் சிறு பெட்டிகளில் பெயர் ஒட்டி வைத்தால், வேண்டும்போது பழையபடி திருப்பிவிட முடியும். கடிகாரத்தைக் கைமாற்ற நேர்ந்தால், வாங்குபவரிடம் அந்தப் பெட்டிகளையும் மாற்றங்களின் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள்.